ஜீராவுக்கு முடி கொட்டவில்லை

திண்டுக்கல்
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? நம் பூனை ஜீரா நலமா?

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன். மடத்துக்குள் தமிழில்தான் பேச வேண்டும், தமிழில்தான் எழுத வேண்டும். சின்ன வயதில் நீங்கள் காலண்டர் பின்பக்கத்தில் ஆனா ஆவன்னா எழுதச் சொன்னபோதெல்லாம் நான் ஓடி ஒளிந்தேன். அதற்கு இப்போது தண்டனை. தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

இங்கே உள்ள விதிகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் போன் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு கடிதம் எழுதலாம். உங்கள் கடிதமும் அன்றைக்குத்தான் கைக்கு வரும். வருவதையும் போவதையும் மதர் படித்துப் பார்ப்பார். பயப்படாதீர்கள், நல்லவர்.

கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மகர்பட்டா ஆபீசில் நாள் முழுக்க நாற்காலியில் இருந்தவளுக்கு இடுப்பு ஒடிகிறது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன் அப்பா. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அடுத்த ஜூனில் எனக்குக் கன்னியருக்கான வெள்ளை உடுப்பும் முக்காடும் தருவார்கள். அதற்கு முன் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அம்மா இல்லை, அதனால் நீங்கள் ஒருவர் போட்டால் போதும். அது வராமல் உடுப்பு தரமாட்டார்கள்.

ஜீராவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளுக்குக் காது பின்னால் சொறிந்துவிட்டால் பிடிக்கும். உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அன்பு மகள்
ரெனிட்டா

*

கேம்ப், புனே
28 ஜூலை 2024

அன்பு மகள் ரெனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. தேவமாதா உன்னைக் காப்பாற்றட்டும். நான் சுகம். முழங்காலும் சுகம், மழைக்குக் கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான்.

உன் தமிழைப் படித்தேன். சிரிக்கவில்லை. ரெண்டு இடத்தில் மட்டும் சிரித்தேன். இருபத்து நாலு வருடம் நான் தலைகீழாக நின்றும் வராத தமிழ், மடத்துக்குப் போய் ஒரு மாதத்தில் வந்துவிட்டதே, அடேயப்பா! உன் அம்மா கிருபாவதி இருந்திருந்தால் என்னைக் குத்திக் காட்டியே கொன்றிருப்பாள்.

இங்கே அடை மழை. கடக்வாஸ்லா அணை மதகைத் திறந்துவிட்டதில் ஆற்றோரம் வீடுகளுக்குள் தண்ணீர். நம் கேம்ப் மேடு, நமக்குப் பயமில்லை.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் என்னைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மகளை ஆண்டவருக்குக் கொடுத்த தகப்பன் என்று பொன்னாடை போர்த்தி, ஹாலில் கேக் வெட்டினார்கள். முட்டை போடாத கேக். ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து, "குடுத்து வச்சவரு சார் நீங்க" என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். பொன்னாடை நல்ல தடிமன், பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஜீரா சுகம். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன். முதலில் முறைத்தது, பிறகு போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்தது.

படிவம் கிடைத்தது. பத்திரமாக இருக்கிறது.

அப்பா டக்ளஸ்

*

கேம்ப், புனே
19 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆகஸ்டில் நீ எழுதியதும் இந்த மாதம் எழுதியதும் கிடைத்தன. நான்தான் பதில் போடவில்லை. கோபம் ஒன்றுமில்லை. எழுத விஷயம் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

ஜீராவின் வயிற்றில் முடி இல்லை. மல்லாந்து படுத்திருந்தபோது பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்கு உரித்த கோழி மாதிரி வெறும் தோல். பதறிப்போனேன். புண் இல்லை, செதில் இல்லை, சிவப்பும் இல்லை. உனக்குத் தெரியுமே, முப்பத்தொரு வருடம் பிம்ப்ரி மருந்துக் கம்பெனி பேக்கிங்கில் இருந்தவன் நான். நானே வைத்தியம் பார்க்கலாம் என்று தேங்காயெண்ணெய் தடவினேன். தடவத் தடவ அது நக்கிச் சாப்பிட்டுவிட்டுக் குழம்பு கேட்பது போல என்னைப் பார்த்தது.

உண்ணிச் சீப்பால் வாரினேன், ஒரு உண்ணி இல்லை. கடைசியில் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனேன். டாக்டர் வைஷாலி, உன் வயதுதான் இருக்கும், மராட்டிக்காரப் பெண். என்னைக் காகா, காகா என்கிறாள், மராத்தியில் சித்தப்பா. அறையை இருட்டாக்கி ஒரு ஊதா விளக்கை வயிற்றில் காட்டினாள். படர்தாமரை இருந்தால் பச்சையாக மினுங்குமாம். மினுங்கவில்லை. தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தாள், சொறிப்பூச்சியும் இல்லை. "ஒண்ணொண்ணா தள்ளிட்டு வரணும் காகா, அவசரப்படக் கூடாது" என்றாள்.

கணபதிக்குப் பத்து நாளும் தெருவில் டோல் மேளம் அடித்த அடியில் ஜீரா துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பயத்தில் கொட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். தேதியைக் கேட்டுவிட்டு, இது அதற்கு முன்பே ஆரம்பித்தது என்கிறாள் டாக்டர்.

நீ கவலைப்படாதே. கத்தரிச் செடியைப் பார்.

அப்பா

*

திண்டுக்கல்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு யார் செய்கிறார்கள்? வெளியில் வாங்குவதென்றால் வடாபாவ் மட்டும் வாங்காதீர்கள், உங்களுக்குச் சேராது.

ஜீராவைப் பற்றிப் படித்துவிட்டு அழுகை வந்தது. மதர் பார்த்துவிட்டார். "பூனைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டவில்லை. அவர் வீட்டில் ஒரு ஆடு இருந்ததாம். அதை விட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னார்.

அவள் எங்கே தூங்குகிறாள்? எப்போதும் என் கட்டிலில் கால்மாட்டில்தான் தூங்குவாள். அங்கேயே தூங்கட்டும், திட்டாதீர்கள்.

டாக்டர் சொல்வதைத் தவறாமல் செய்யுங்கள். படிவத்தை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள்.

மகள் ரெனிட்டா

*

கேம்ப், புனே
20 அக்டோபர் 2024

அன்பு ரெனி,

தோத்திரம். நான் சுகம். சாப்பாடு நானே செய்கிறேன். நேற்று தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். சொதி என்று நான் சொன்னால்தான் தெரியும்.

ஜீரா விஷயத்தில் ஒரு படி முன்னேற்றம். டாக்டர் அதன் வயிற்று ஓரத்திலிருந்து நாலைந்து முடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையே பார்க்கச் சொன்னாள். தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் முடித்தபிறகு இப்போதுதான் அந்தக் குழாயில் கண்ணை வைக்கிறேன். "நுனியப் பாருங்க காகா. தானா விழுந்த முடின்னா நுனி ஊசி மாதிரி இருக்கும். இது ஒடிஞ்சிருக்கு. முடி கொட்டல. அவளே நக்கி நக்கிப் பிச்சு எடுக்கிறா." மராத்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன், கேட்டியா.

நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்றேன். "உங்க முன்னாடி செய்யாது. யாரும் இல்லாதப்போ செய்யும்" என்றாள். வீட்டில் நான் ஒருவன், அது ஒன்று. நான் பார்க்காமல் அது எப்போது நக்குகிறது என்று ரெண்டு நாள் சோபாவில் தூங்குவது போல நடித்துப் பார்த்தேன். நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

நமைச்சல் இருந்தாலும் நக்குமாம், மனசு சரியில்லை என்றாலும் நக்குமாம். எது என்று தெரிய வேண்டும். "வீட்டுல ஏதாவது மாறிச்சா காகா? யாராவது வந்தாங்களா, போனாங்களா?" என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை என்றேன். அப்படியென்றால் முதலில் சாப்பாட்டு ஒவ்வாமையைப் பார்ப்போம் என்று எட்டு வாரத்துக்கு முயல்கறி மட்டும் போட்ட ஒரு தீவனம் கொடுத்திருக்கிறாள். வேறு எதுவும் வாயில் படக்கூடாது, ஒரு பருக்கை கூட.

தீபாவளி வருகிறது, வெடிச் சத்தத்துக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைக்க வேண்டும். மற்றபடி விசேஷம் இல்லை.

அப்பா

*

திண்டுக்கல்
3 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம்.

உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன்.

முயல்கறித் தீவனத்தை ஜீரா சாப்பிடுகிறாளா? டிசம்பரில் திருவருகைக் காலம், கடிதம் கிடையாது. கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வரும். நீங்கள் எழுதியதும் ஜனவரியில்தான் எனக்குக் கிடைக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் போடுங்கள்.

படிவம் வரவில்லை.

ரெனிட்டா

*

கேம்ப், புனே
19 ஜனவரி 2025

அன்பு மகளுக்கு,

புது வருட ஆசீர்வாதம். அட்டை கிடைத்தது. கன்றுக்குட்டியை நீயே வரைந்தாயா? நாய் மாதிரி இருக்கிறது, ஆனாலும் பரவாயில்லை, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எட்டு வாரம் என்றேன் அல்லவா, அது பதினொன்று ஆகிவிட்டது. காரணம் நான். மூன்றாவது ஞாயிறு நெத்திலி பொரித்தேன். தூத்துக்குடிக்காரன் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் சாப்பிட முடியுமா, நீயே சொல். ஜீரா காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. ரெண்டு பேர்தானே இருக்கிறோம், ஒருத்தன் தின்ன ஒருத்தன் பார்க்கிறதா? ஒன்றே ஒன்று போட்டேன். பிறகு இன்னொன்று. டாக்டரிடம் மறைக்கத்தான் நினைத்தேன், முகத்தைப் பார்த்ததும் உளறிவிட்டேன். "சோதனை கெட்டுப்போச்சு காகா, முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்றாள். தலையில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே.

இப்போது அதுவும் முடிந்தது. ஒரு மாற்றமும் இல்லை. வயிறு போதாதென்று முன்னங்கால் உள்பக்கமும் வெறுந்தோல். ஒரு இடத்தில் புண்ணும் வந்துவிட்டது. நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு ஜீரா சுவரிலும் நாற்காலியிலும் முட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் கழற்றிவிட்டேன். வயசானவன் ஒருவன் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் முட்டிக்கொண்டு திரிந்தால் பார்க்க யாரால் முடியும்?

டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். வீடு மாறினீர்களா, சாமான் மாற்றினீர்களா, ஆள் யாராவது போனார்களா என்று. இல்லை என்றேன்.

படிவத்தில் எழுத்து பொடியாக இருக்கிறது. கண்ணாடி மாற்றியதும் படித்துப் பார்க்கிறேன்.

அப்பா டக்ளஸ்

*

திண்டுக்கல்
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீராவின் புண் ஆறியதா?

புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் முழுக்க நாங்கள் கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. வருவது மதர் மேசை இழுப்பறையில் இருக்கும். ஈஸ்டர் அன்றுதான் கொடுப்பார்கள். அதனால் உடனே பதில் வரவில்லையே என்று வருந்தாதீர்கள்.

என்னோடு சேர்த்து வந்த ஆறு பேரில் ஐந்து பேரின் படிவம் வந்துவிட்டது. மதர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். கண்ணாடி மாற்றியாயிற்றா அப்பா?

ரெனிட்டா

*

கேம்ப், புனே
9 மார்ச் 2025

ரெனி,

நாற்பது நாள் இந்தக் கடிதத்தை யாரும் படிக்கப் போவதில்லை. மதர் கூடத் தொடமாட்டார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் இல்லை, உனக்குத் தெரியும்.

கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. படிவத்தை வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். மின்சார பில்லோடு சேர்த்து மேசைக்குள் போட்டேன். பில் கட்டும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போனபோது பதினாறு நாள் இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்தே சாப்பாடு வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் மறுவீட்டுக்காவது வருவாள். சாமிக்குக் கொடுத்தவன் வீட்டுக்கு யார் வருவார்கள்? கேக் வெட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள், போய்விட்டார்கள். நான் முகம் வாடினால் கூட, என்ன சார், ஆசீர்வாதத்தைப் போய் இப்படி நினைக்கிறீங்களே என்பார்கள். அழவும் விடவில்லை என்னை.

இன்னொன்று. ஜீரா எங்கே தூங்குகிறது என்று கேட்டாயே. நீ ரயில் ஏறிய மறுநாளே உன் கட்டிலைப் பிரித்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன். மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும். காலையில் அந்த அறையைத் தாண்டித்தானே அடுப்படிக்குப் போக வேண்டும், என்னால் முடியவில்லை. ஜீரா கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு வாரம் கத்தியது. நான் வாயை மூடு சனியனே என்று செருப்பை எறிந்தேன். அதன்மேல் படவில்லை. ஆனால் எறிந்தேன்.

டாக்டர் கேட்டபோது எப்படிச் சொல்வேன்? மகள் போய்விட்டாள் என்று ஒரு தடவை வாயால் சொன்னால், அது அப்படியே ஆகிவிடும் போலிருந்தது. அதனால் அந்த வாயில்லா ஜீவனுக்கு ஊதா விளக்கு, முயல்கறி, கூம்பு.

வந்துவிடு ரெனி. பூனைக்காக வேண்டாம். பூனை பிழைத்துக்கொள்ளும். எனக்காக வா. பழைய வேலை இல்லாவிட்டால் வேறு வேலை. கல்யாணம் வேண்டாமென்றால் வேண்டாம், நான் பேச்செடுக்க மாட்டேன். வீட்டில் இன்னொரு ஆள் செருப்பு வாசலில் கிடந்தால் போதும்.

அப்பா

*

கேம்ப், புனே
1 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

தங்கள் மடத்தில் பயிலும் ரெனிட்டாவின் தகப்பன் டக்ளஸ் பணிவுடன் எழுதுவது. தாங்களும் சகோதரிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

மார்ச் ஒன்பதாம் தேதியிட்டு என் மகளுக்கு ஒரு கடிதம் போட்டேன். பழுப்பு உறை, ஓரத்தில் டீக்கறை. அது தங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும். அதை அவள் கையில் கொடுக்காமல், பிரிக்காமல், எனக்கே திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தபால்தலை ஒட்டி என் விலாசம் எழுதிய உறை இத்துடன் உள்ளது.

உடம்பு சரியில்லாத நேரத்தில் எழுதிவிட்டேன். அதில் உள்ளது எதுவும் முக்கியமில்லை. வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. பூனைக்கும் முடி முளைத்துவிட்டது என்று அவளிடம் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
டக்ளஸ்

*

திண்டுக்கல்
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

அப்பா,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நான் நலம். முதல் ஞாயிறு வரை காத்திருக்க முடியாது என்று மதரிடம் கேட்டேன். எழுது, நான் படிக்கமாட்டேன் என்றார். ஒட்டித்தான் கொடுக்கப்போகிறேன்.

ஈஸ்டர் அன்று மதர் மூன்றையும் என் முன்னால் வைத்தார். டீக்கறை உறை, நீங்கள் அவருக்கு எழுதியது, தபால்தலை ஒட்டிய உறை. "கடிதம் யார் பேருக்கு வந்ததோ அவங்களுக்குச் சொந்தம். திருப்பி அனுப்பணுமா படிக்கணுமான்னு நீயே முடிவு பண்ணு" என்றார். ஐந்து நாள் வைத்திருந்தேன். உங்கள் உறையில் போட்டு ஒட்டக்கூடச் செய்தேன். வெள்ளிக்கிழமை பிரித்துப் படித்துவிட்டேன். மன்னியுங்கள்.

படித்ததும் மதரிடம் போய், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "போறதுன்னா டிக்கெட் நான் எடுத்துத் தரேன், யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க. நாளைக்குச் சொல்லு" என்றார். ராத்திரி முழுக்கக் கோவிலில் உட்கார்ந்திருந்தேன்.

நான் வரவில்லை அப்பா.

வந்தால் உங்களுக்காக வருவேன். ஆறு மாதத்தில் உங்கள் மேல் கோபப்பட ஆரம்பிப்பேன், சொல்லவும் மாட்டேன். நான் உங்கள் மகள், எனக்கும் வாய் இல்லை. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் அழுவீர்கள் என்று தெரிந்தும் நன்றாக இருக்கிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

அக்டோபரில் எழுதினீர்களே, டாக்டரிடம் ஒன்றும் மாறவில்லை என்று சொன்னதாக. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நான் போனது மாற்றமே இல்லையா, இந்த அப்பாவுக்கு நான் இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்றா என்று நினைத்தேன். ஆறு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கியிருந்தால் சாகும்வரை நினைத்திருப்பேன்.

படிவத்தை இனி கேட்கமாட்டேன். இல்லாவிட்டால் அடுத்த வருடம் உடுப்பு வாங்கிக்கொள்கிறேன், அதற்கும் இல்லாவிட்டால் அதற்கடுத்த வருடம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஜீரா பாவம்.

ரெனி

*

கேம்ப், புனே
11 மே 2025

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு,

நான் இருக்கிறேன். சுகமா என்று கேட்டால் இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சுகமாயிரு.

செவ்வாய்க்கிழமை ஜீராவைக் கூடையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். கூட்டம் இருந்தது. ஒரு நாய், ரெண்டு கிளி, ஒரு ஆமை. எங்கள் முறை வந்ததும் அவள் கோப்பைத் திறந்து, "சொல்லுங்க காகா" என்றாள். வீட்டில் மாற்றம் உண்டு என்றேன். "எப்போ?" என்றாள். போன வருடம் ஜூன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீ போனதையும் உன் கட்டிலை விற்றதையும் சொன்னேன். செருப்பை எறிந்ததையும் சொன்னேன்.

"இதை நீங்க அக்டோபர்லயே சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாமே காகா" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நியாயமான கோபம். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, "மகள் எப்போ திரும்பி வருவாங்க?" என்று கேட்டாள். அதற்குத் தகுந்த மாதிரி மருந்து எழுத வேண்டுமாம், அதனால் கேட்டாள்.

"வரமாட்டா" என்றேன்.

அவள் அதைக் கோப்பில் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை நான் ஜீராவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மனசு அடங்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாள், அரை அரையாக, ரெண்டு மாதத்துக்கு. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் கால்மணி நேரம் விளையாட வேண்டுமாம். ஒரு குச்சியில் நூலும் இறகும் கட்டி ஆட்டுகிறேன். அறுபத்திரண்டு வயசில் பூனைக்குத் தூண்டில் போடுகிறேன். ஜீரா முதல் நாள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. நாலாம் நாள் பாய்ந்து பிடித்தது. மதருக்கு முடி முளைத்துவிட்டது என்று எழுதினேனே, அது பொய். முளைக்கவில்லை. புண் மட்டும் ஆறியிருக்கிறது. முடி வர மாசக்கணக்கில் ஆகும், சில பூனைக்கு முழுதாக வராமலும் போகலாம் என்கிறாள்.

படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மதர் பார்த்துவிட்டு ஏதாவது கேட்டால் நீயே விளக்கிவிடு. 'என் மகளை முழு மனதோடு அளிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. அதில் 'முழு' என்பதை அடித்திருக்கிறேன். கம்பெனியில் பேக்கிங் ரெக்கார்டில் பிழை இருந்தால் வெள்ளை பூசி மறைக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அடியில் என்ன இருந்ததென்று தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வைக்க வேண்டும். அப்படியே செய்திருக்கிறேன். முழு மனசு என்னிடம் இல்லை ரெனி. இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தால் அது உனக்கு ஆகிவராது. இருக்கிற மனசோடு கொடுக்கிறேன்.

கையெழுத்துப் போட்டபிறகு அழுதேன். வீட்டில் யாரும் இல்லையே என்று சத்தமாகவே அழுதேன். ஜீரா எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜூனில் உன் சடங்குக்கு வருவேன். நான் வந்து போகும் நாலு நாளும் ஜீராவைப் பார்த்துக்கொண்டு அரை மாத்திரை கொடுக்க டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறாள். பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்கிறேன், உனக்கும் சேர்த்து. மடத்தில் வெளிச் சாப்பாடு விடுவார்களா என்று மட்டும் எழுது.

அப்பா
டக்ளஸ்